புதுவையில் ஒரு பிரெஞ்சு விழா

நாஞ்சில் நாட்டினனாகிய எனக்கு நவம்பர்த் திங்கள் முதல் நாள் தனிச் சிறப்புடையது. 1956ஆம் ஆண்டில் அந்நாளில்தான் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியினின்று பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதற்கு ஈராண்டு முன்னர், 1954ஆம் ஆண்டில் அதே நாளில், புதுவையில் பிரெஞ்சு ஆட்சி நீங்கி இந்திய ஆட்சி ஏற்பட்டது. ஆட்சி நீங்கிய பின்னரும் அவ்வூரில் நீங்காதிருக்கும் விழாவொன்றைப் பற்றி மாணவ நண்பர்களுக்குச் சில கூற விரும்புகிறேன்.

அவ்விழா ஜூலை 14ஆம் நாளுக்கு உரியது. 1789ஆம் ஆண்டில் அந்நாளன்று பாரிசு நகர மக்கள் பாஸ்டில் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினர். அப்பொழுது அதனுள் இருந்த கைதிகள் எழுவரே. ஆயினும் விசாரணையின்றி எவரையும் சிறையிடவல்ல மன்னனின் வரம்பற்ற அதிகாரத்திற்கு அக்கோட்டை அடையாளமாய் நின்றது. 1880ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் குடியரசு அந்நாளைத் தேசிய நாளாக ஏற்றது.

புதுவையில் விழாவின் முதல்நாள் மாலையில் மக்கள் விளக்கேந்தி ஊர்வலம் வருவர். மறுநாள் கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைப்பர். முதல் உலகப் போரில் உயிர்நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களின் நினைவாக 1938இல் திறக்கப்பட்டது அது. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற தமிழர்கள் தம் பதக்கங்களை அணிந்து அங்கே அணிவகுப்பர். இரு நாடுகளின் தேசிய கீதங்களும் இசைக்கப்படும்.

அந்நியர் ஆட்சி அகன்ற பின் அவர்தம் விழா நமக்கு எதற்கு என்று நீங்கள் வினவலாம். நியாயமான வினாவே அது. 1936ஆம் ஆண்டு ஜூலை 14இல் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மும்மொழிகளைப் பிரெஞ்சு அரசு போற்றிற்று. பதினாறு நாள் கழித்து, ஜூலை 30இல், உரிமை கோரிய புதுவை ஆலைத் தொழிலாளர்மீது அவ்வரசின் துப்பாக்கிகள் சுட்டன, பன்னிருவர் மாண்டனர். எனினும் போராட்டம் ஓயவில்லை. 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அந்த மும்மொழிகளின் பொருளைப் பாரிசிலிருந்து வந்த அதிகாரிகளைவிட அத்தொழிலாளர்களே நன்கு உணர்ந்திருந்தனர் எனலாம்.

ஆட்சி மாறியதும் வாக்கினாலும் உடன்படிக்கையினாலுமே. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய மக்கட் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். 1956இல் கையெழுத்தான உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16இல் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்பியோர்க்கு ஆறு திங்கள் தவணையும் தரப்பட்டது. அவ்வாறு விரும்பிய தமிழ்க் குடும்பங்களே இவ்விழாவிற்கு இன்றளவும் உயிரூட்டி வருகின்றன. ஒருகாலத்தில் அரசாணையால் நடந்த விழா இன்று மக்கள் விருப்பத்தால் நடைபெறுகிறது.

இது எங்கள் மாவட்டத்தார்க்கு வியப்பளிப்பதன்று. தமிழகத்தோடு இணைய எம்மவர் போராடினர். 1954 ஆகஸ்டு 11இல் குண்டடிபட்டு உயிரும் ஈந்தனர். ஆயினும் இணைந்தபின் திருவோணத்தை எவரும் கைவிடவில்லை. ஆவணித் திங்களில் எங்கள் முற்றங்களில் அத்தப்பூக் கோலம் விரிகிறது. தோவாளைச் சந்தையின் பூக்கள் கேரளத்திற்கும் செல்கின்றன. நாங்கள் வேண்டாமென்றது ஓர் ஆட்சி எல்லையையே. அண்டை மக்களின் பண்பாட்டையன்று.

மாணவர்களே! ஆட்சியை எதிர்ப்பது வேறு. அவ்வாட்சியோடு வந்த நல்ல கருத்தைப் போற்றுவது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியும் தெளிவே வரலாறு நமக்குத் தரும் கல்வியாகும். புதுவைக் கடற்கரையில் அந்நாளில் ஒலிக்கும் இரு கீதங்களும் அத்தெளிவுக்குச் சான்று பகர்கின்றன.