அவள் எப்படி நம்பினாள்?

நடைபாதை ஓரத்தில் ஒரு பெண் பூக்கூடையுடன் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குக் கண் தெரியாது. எதிரே வந்து நிற்பவன் கிழிசல் கோட்டு போட்ட நாடோடி, மறுவேளைச் சோற்றுக்கு வழியில்லாதவன். அவனைப் பெரிய பணக்காரன் என்று அவள் நம்பியாக வேண்டும். அந்த நம்பிக்கை இல்லையென்றால் படமே இல்லை. ஆனால் எதை வைத்து நம்புவாள்? உடையைப் பார்க்க அவளுக்குக் கண் இல்லை. குரலை வைத்துக் கதையை நகர்த்தலாம் என்றால், அது பேசாத படம்.

சார்லி சாப்ளின் 'சிட்டி லைட்ஸ்' படப்பிடிப்பை 1928 டிசம்பர் கடைசியில் தொடங்கினார். இந்த ஒரு கேள்வி அவரைப் பாடாய்ப் படுத்தியது. எடுத்தார், பிடிக்கவில்லை, விட்டுவிட்டு வேறு காட்சிக்குப் போனார், மறுபடி இதற்கே வந்தார். இந்தக் காட்சிக்கு மட்டும் 342 டேக் என்று கணக்கு சொல்கிறார்கள். திரையில் அது சில நிமிடம்தான்.

கதையின் விதை வேறு. முதலில் சாப்ளின் மனதில் இருந்தது பூக்காரி அல்ல, விபத்தில் பார்வை இழந்த ஒரு சர்க்கஸ் கோமாளி. அவனுக்கு நோஞ்சான் மகள். அவளுக்கு உடம்பு தேறும்வரை விஷயம் தெரியக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிடுகிறார். அப்பா வீட்டுக்குள் தட்டுத் தடுமாறி விழுகிறார். தன்னைச் சிரிக்கவைக்கத்தான் செய்கிறார் என்று நினைத்துக் குழந்தை சிரிக்கிறாள். சாப்ளினுக்கே இது திகட்டும் உருக்கமாகப் பட்டது. கோமாளியை விட்டார், குருட்டுத்தன்மையை மட்டும் எடுத்து ஒரு பூக்காரிக்குக் கொடுத்தார். குடித்தால் நாடோடியைக் கட்டி அணைத்து, போதை தெளிந்தால் 'நீ யார்' என்று கேட்கும் லட்சாதிபதி, பல வருடமாக அவர் வைத்திருந்த இன்னொரு கதையிலிருந்து வந்தவர். ஆனால் அன்பு வைத்தவளிடம் உண்மையை மறைத்துச் சிரிக்கவைப்பவன் என்ற அந்தக் கோமாளியின் உயிர் மட்டும் நாடோடிக்குள் அப்படியே தங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

காலமும் அவருக்கு எதிராக இருந்தது. 1927 அக்டோபரில் பேசும் படமான 'தி ஜாஸ் சிங்கர்' வந்ததிலிருந்து ஹாலிவுட் முழுக்கப் பேச்சு. ஊமைப்படத்துக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்டார்கள். நாடோடி வாயைத் திறந்து ஆங்கிலம் பேசிவிட்டால் ஆங்கிலம் தெரியாத உலகம் அவனை இழந்துவிடும் என்பது சாப்ளினின் பயம். ஸ்டூடியோ அவருடையது, ஏறத்தாழ 15 லட்சம் டாலர் பணமும் அவருடையது. அதனால் யாரையும் கேட்காமல் பிடிவாதம் பிடிக்க முடிந்தது. படப்பிடிப்புக்குச் சில மாதம் முன்னால், 1928 ஆகஸ்டில், அவருடைய அம்மா ஹன்னா இறந்துபோயிருந்தார். லண்டனின் ஏழ்மையில், ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களைப் போலவே நடித்துக் காட்டி, பேசாமல் பேசும் வித்தையை மகனுக்குக் காட்டியவர் அவர்தான்.

கதாநாயகி வர்ஜீனியா செரில், வயது 20. குத்துச்சண்டை பார்க்கப் போன இடத்தில் சாப்ளினின் கண்ணில் பட்டவர். குருடியாக நடிக்கச் சொன்னால் மற்ற பெண்கள் விழியை மேலே செருகிக்கொண்டார்கள். 'என்னைப் பார், ஆனால் பார்க்காதே' என்ற மாதிரி சாப்ளின் சொன்னதை இவர் புரிந்துகொண்டார். நிஜத்திலேயே கிட்டப்பார்வை உள்ளவர் என்பதும் உதவியிருக்கலாம்.

கடைசியில் விடை ஒரு கார்க் கதவில் கிடைத்தது. சாலையில் வண்டிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. நாடோடி ஒரு பெரிய காரின் ஒரு கதவைத் திறந்து ஏறி, மறுபக்கம் இறங்கி, கதவைச் சாத்துகிறான். அந்தச் சத்தத்துக்கு அவள் முகம் திரும்புகிறது, பூ நீள்கிறது. சற்று நேரத்தில் காரின் சொந்தக்காரர் வந்து ஏறிக் கதவைச் சாத்த, கார் கிளம்பிவிடுகிறது. மீதிச் சில்லறை கூட வாங்காமல் போய்விட்டாரே என்று அவள் நினைக்கிறாள். பக்கத்திலேயே நிற்கும் நாடோடி, ஓசைப்படாமல், கால் விரல் நுனியில் நகர்ந்துபோகிறான். பேச்சு வேண்டாம் என்று உலகத்தோடு மல்லுக்கு நின்ற படத்தின் ஆணிவேர் ஒரு சத்தம்! அந்தச் சத்தத்தை நாம் அவள் முகத்தில் பார்க்கிறோம்.

சாப்ளினுக்கும் செரிலுக்கும் ஒத்துப்போகவில்லை. முடி அலங்காரத்துக்குப் போகவேண்டும் என்று ஒருநாள் சீக்கிரம் கிளம்ப நினைத்த செரிலை சாப்ளின் நீக்கிவிட்டார். 'தி கோல்ட் ரஷ்' நாயகி ஜார்ஜியா ஹேலை வைத்துக் கடைசிக் காட்சியைச் சோதித்தார். அந்தச் சோதனைப் படம் இன்றும் இருக்கிறது. ஹேலின் கண்ணில் அன்பு முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. அந்தக் காட்சிக்கு வேண்டியது அதுவல்ல. செரில் திரும்ப அழைக்கப்பட்டார், சம்பளத்தை இரட்டிப்பாகக் கேட்டு வாங்கிக்கொண்டு.

1931 ஜனவரி 30 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் புத்தம்புது தியேட்டரில் முதல் காட்சி. பாதியில் படத்தை நிறுத்தி, கட்டடத்தின் அழகைப் பற்றி ஒலிபெருக்கியில் பேச ஆரம்பித்தார்கள். சாப்ளின் கொதித்துப்போனார், கூட்டம் கூச்சலிட்ட பிறகுதான் படம் தொடர்ந்தது. முடியும்போது பக்கத்தில் இருந்த ஐன்ஸ்டீன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை சாப்ளின் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அந்தப் பூக்காரி நம் ஊருக்கும் வந்தாள். ஜெமினி ஸ்டூடியோ 1954-ல் 'ராஜி என் கண்மணி' எடுத்தது. ஸ்ரீரஞ்சனி பூக்காரி, டி. ஆர். ராமச்சந்திரன் நாயகன். 1999-ல் எழில் இயக்கிய 'துள்ளாத மனமும் துள்ளும்' படத்தின் நாயகி ருக்குவும் இந்த வம்சம்தான். அங்கே கதவுச் சத்தம் இருந்த இடத்தில் நாயகன் குட்டியின் பாட்டு.

ஹேலிடம் வராத அந்தக் கடைசிக் காட்சிக்கு வருகிறேன். அவன் கொடுத்த பணத்தில் பார்வை கிடைத்து, பூக்கடை வைத்திருக்கிறாள். அந்தப் பணத்துக்காகச் சிறைக்குப் போய்த் திரும்பியவன் கந்தலில் கடைக்கு வெளியே நிற்கிறான். கண்ணாடி வழியே அவனைப் பார்த்து அவள் சிரிக்கிறாள். இரக்கப்பட்டு ஒரு பூவும் ஒரு காசும் கொடுக்க வெளியே வருகிறாள். அவன் தயங்க, கையைப் பிடித்துக் காசை உள்ளங்கையில் அழுத்துகிறாள். விரல்கள் நின்றுவிடுகின்றன. கையிலிருந்து கோட்டு, கோட்டிலிருந்து தோள் என்று மெல்லத் தடவி ஏறுகின்றன. கண் வந்த பிறகும் அவளுக்கு அடையாளம் சொன்னது கைதான். அவன் விரலைக் கடித்தபடி, பூவை முகத்தருகே பிடித்துக்கொண்டு, அவளையே பார்க்கிறான். திரை இருண்டுவிடுகிறது.