படைக்கலக் கொட்டிலின் சாவி

இஸ்லாமிய நாடுகளுக்கென ஒரு பொதுச் சந்தை, ஒரு பொது நாணயம், ஒரு கூட்டுப் பாதுகாப்பு அமைப்பு என்று பல்லாண்டு காலம் பேசிவந்தவர் துருக்கியின் நெஜ்மெத்தின் எர்பகான். இஸ்ரேலுடன் தளபதிகள் செய்துகொண்ட இராணுவ உடன்படிக்கையை இரத்துச் செய்வதாக எதிர்க்கட்சி வரிசையில் இருந்தபோது முழங்கியவர். 1996 ஜூனில் அவர் பிரதமரானார். ஆகஸ்டிலேயே இஸ்ரேலுடன் பாதுகாப்புத் தொழில் ஒத்துழைப்பு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில், துருக்கி விமானப்படையின் 54 ‘எஃப்-4 ஃபாண்டம்’ போர் விமானங்களைப் புதுப்பிக்கும் பணியும் இஸ்ரேலிய நிறுவனத்துக்கே சென்றது. எர்பகானுக்கு இரட்டை நாக்கு என்று எள்ளியவர் உண்டு. நமக்கு அது அவ்வளவு எளிய செய்தியாகத் தோன்றவில்லை. தன் நாடு யாரிடம் ஆயுதம் வாங்குவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை மக்களாட்சியில் பதவிக்கு வந்த ஒரு பிரதமருக்கு இல்லாதிருந்தது என்பதே நாம் அங்குக் காண்பது.

இராணுவத்தின் மீது குடிமை அரசு செலுத்தும் மேலாண்மையைப் பற்றி எழுதுவோர், தெருவில் டாங்கி நிற்கிறதா, வானொலி நிலையம் யார் கையில் உள்ளது என்பதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறார்கள். டாங்கி என்றேனும் பாசறைக்குத் திரும்பிவிடும். படைக்கலக் கொட்டிலின் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்ற கேள்வி நெடுங்காலம் நிற்கும். முஸ்லிம் நாடுகளுள் அக்கேள்விக்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடை தந்த நாடு துருக்கி.

1960 மே 27ஆம் நாள் நடந்த ஆட்சிக்கவிழ்ப்பு, பிரதமர் அத்னான் மெந்தரஸையும் அவருடைய அமைச்சர்கள் இருவரையும் 1961 செப்டம்பரில் தூக்குமேடைக்கு அனுப்பியது. அக்கொடுமையை வரலாற்று நூல்கள் மறக்கவில்லை. அதே ஆண்டில் ஓசையின்றி நிகழ்ந்த வேறு இரண்டு காரியங்களை நாம் அதற்கு இணையாக வைத்து எண்ண வேண்டும். புதிய அரசியல் சட்டத்தின்வழி தேசியப் பாதுகாப்புக் குழு பிறந்தது. தளபதிகள் அமைச்சர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து ‘ஆலோசனை’ கூறத் தொடங்கினர். ‘ஓயாக்’ என்னும் இராணுவ ஓய்வூதிய நிறுவனமும் பிறந்தது. அதிகாரிகளின் ஊதியத்தில் பத்து விழுக்காட்டைப் பிடித்து முதலீடு செய்த அந்நிறுவனம், பின்னர் பிரெஞ்சு ரெனோ நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து மோட்டார் கார் உற்பத்தியில் இறங்கிற்று. அரசியல், வணிகம் இரண்டிலும் படைக்கு ஆசனம் கிடைத்துவிட்டது.

ஆயுத உற்பத்திக்கு வித்திட்டது அவமானம். சைப்ரஸில் தலையிட்டால் அமெரிக்க ஆயுதங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று 1964இல் ஜான்சன் எழுதிய கடிதம் அங்காராவைச் சுட்டது. 1974 ஜூலையில் துருக்கிப் படை சைப்ரஸில் இறங்கியபோது, தன் நாட்டு விமானங்களே ‘கொஜாதெபே’ என்ற தன் நாட்டுப் போர்க்கப்பலை எதிரிக் கப்பலெனக் கருதி மூழ்கடித்தன. கடலில் இருந்தவனும் வானில் இருந்தவனும் ஒழுங்காகப் பேசிக்கொள்ள முடியாத நிலை. 1975 பிப்ரவரியில் அமெரிக்கா ஆயுதத் தடை விதித்தது. அது 1978 வரை நீடித்தது. தடை வந்த அதே ஆண்டில் இராணுவத் தொலைத்தொடர்புக் கருவிகள் செய்ய ‘அசெல்சான்’ நிறுவப்பட்டது. அதை நிறுவியது தரைப்படையின் அறக்கட்டளை. அதற்குள் வந்து விழுந்தது பொதுமக்களின் நன்கொடை. பணம் மக்களுடையது, சாவி தளபதிகளுடையது.

சாவியில் ஒரு பங்கு கேட்டவர் துர்குத் ஓசால். 1985இல் பாதுகாப்புத் தொழிலுக்கென ஒரு குடிமை நிர்வாகத்தையும், வரவுசெலவுத் திட்டத்துக்கு வெளியே ஒரு தனி நிதியத்தையும் அவர் உண்டாக்கினார். மது, புகையிலை, லாட்டரி முதலியவற்றின் வருவாயிலிருந்து அந்நிதியம் நிரம்பியது. (பின்னாளில் ஆட்சிக்கு வந்த சமயப் பற்றாளரும் அந்நிதியத்தைக் கலைத்துவிடவில்லை என்பதைப் புன்னகையோடு குறித்து வைப்போம்.) ஆயினும் இறுதி முடிவெடுக்கும் மூவர் குழுவில் பிரதமர், பாதுகாப்பு அமைச்சர் ஆகியோருடன் தலைமைத் தளபதியும் இருந்தார். வரவுசெலவுத் திட்டத்துக்கு வெளியே பணம் இருந்தால் நாடாளுமன்றத்துக்கு வெளியே முடிவும் இருக்கும் என்பதை அன்று பலரும் பொருட்படுத்தவில்லை.

முஸ்லிம் நாடுகளுக்கிடையிலான ஆயுத வணிகம் அக்காலத்தில் மெலிந்தே கிடந்தது. எகிப்து, சவூதி அரேபியா, கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நான்கும் 1975இல் கூடி அரபுத் தொழில்மயமாக்கல் அமைப்பைத் தொடங்கின. இஸ்ரேலுடன் எகிப்து 1979இல் அமைதி உடன்படிக்கை செய்துகொண்டதும் மற்ற மூன்றும் விலகின. அங்காராவுக்கு அருகே ஒன்றுசேர்க்கப்பட்ட 46 எஃப்-16 விமானங்கள் 1990களில் எகிப்துக்குச் சென்றது உண்மையே. ஆனால் அமெரிக்க ஒப்புதலின்றி அவற்றின் ஒரு திருகாணியும் நகர்ந்திராது.

மீண்டும் எர்பகானிடம் வருவோம். 1997 பிப்ரவரி 4ஆம் நாள் அங்காராவை அடுத்த சிஞ்சானில் டாங்கிகள் உலா வந்தன. பிப்ரவரி 28ஆம் நாள் பாதுகாப்புக் குழு தன் கோரிக்கைப் பட்டியலை அவர்முன் வைத்தது. துருக்கி, ஈரான், பாகிஸ்தான், வங்கதேசம், எகிப்து, இந்தோனேசியா, மலேசியா, நைஜீரியா ஆகிய எட்டு முஸ்லிம் நாடுகளின் ‘டி-8’ அமைப்பை இஸ்தான்புல்லில் ஜூன் 15ஆம் நாள் அவர் தொடங்கி வைத்தார். 18ஆம் நாள் பதவி விலகினார். இந்தோனேசியாவில் ஜெனரல் சுகார்த்தோவும் நைஜீரியாவில் ஜெனரல் அபாச்சாவும் அன்று ஆண்டுகொண்டிருந்தனர்; எகிப்தின் முபாரக் முன்னாள் விமானப்படைத் தளபதி. பாகிஸ்தானில் முஷாரஃப் வர இன்னும் இரண்டே ஆண்டுகள். தன் தளபதிகளால் வெளியேற்றப்படவிருந்த ஒருவர், தளபதிகள் ஆளும் நாடுகளோடு கூட்டமைப்புக் கண்ட காட்சி வரலாற்றில் அடிக்கடி கிடைப்பதன்று.

எர்பகானின் பாசறையில் வளர்ந்த எர்டோகன் பொறுமையாக நடந்தார். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் முயற்சியைத் துணைக்கொண்டு 2003இல் பாதுகாப்புக் குழுவின் அதிகாரம் குறைக்கப்பட்டது. 2004இல் அதன் செயலாளராக முதன்முறையாகக் குடிமகன் ஒருவர் அமர்ந்தார். 2007 ஏப்ரலில் தளபதிகள் இணையத்தளத்தில் வெளியிட்ட எச்சரிக்கை அவர்களுக்கே வினையாயிற்று. ஜூலைத் தேர்தலில் எர்டோகனின் கட்சி பெருவெற்றி பெற்றது. எர்கெனெகோன், பல்யோஸ் சதி வழக்குகளில் அதிகாரிகள் கூட்டங்கூட்டமாகச் சிறை சென்றனர். பல்யோஸ் வழக்கில் 236 பேரும் 2015இல் விடுதலையாயினர் என்பதை அவ்வழக்குகளை அன்று கொண்டாடியவர்கள் இன்று பேசுவதில்லை.

2016 ஜூலை 15 இரவு அகின்ஜி விமானத் தளத்திலிருந்து எழுந்த எஃப்-16 விமானங்கள் நாடாளுமன்றத்தின் மீதே குண்டு வீசின. ஓசால் காலத்தில் அவ்வகை விமானங்களை உருவாக்கத் தொடங்கிய தொழிற்சாலை அத்தளத்தை ஒட்டியே இருக்கிறது. முயற்சி முறியடிக்கப்பட்டபின் முப்படைத் தளபதிகளும் பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ் வந்தனர். இராணுவப் பள்ளிகள் மூடப்பட்டன. 2017 டிசம்பரில் ஓர் அவசர ஆணை, ஓசால் உருவாக்கிய ஆயுதக் கொள்முதல் நிர்வாகத்தைக் குடியரசுத் தலைவருடன் நேரடியாக இணைத்தது. சாவி தளபதிகளிடமிருந்து மீண்டது. ஒருவர் கையில் சேர்ந்தது.

அதன்பின் வணிகம் செழித்தது. 2002இல் சுமார் 25 கோடி டாலராக இருந்த பாதுகாப்பு ஏற்றுமதி 2024இல் 700 கோடி டாலரைத் தாண்டியதாக அரசு கூறுகிறது. கத்தார், அஜர்பைஜான், சவூதி அரேபியா எனப் பல நாடுகள் ஆளில்லா விமானங்களை வாங்கின. அவற்றைச் செய்யும் பைகார் நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவர் எர்டோகனின் மருமகன். பாகிஸ்தான் 2018இல் நான்கு போர்க்கப்பல்களுக்கும் 30 தாக்குதல் ஹெலிகாப்டர்களுக்கும் ஒப்பந்தம் செய்தது. கப்பல்களுள் முதலாவது 2023இல் இஸ்தான்புல்லில் பாகிஸ்தான் கடற்படையில் சேர்ந்தது. ஹெலிகாப்டர் விற்பனையோ அமெரிக்கா இயந்திரத்துக்கு அனுமதி தராததால் முறிந்தது. சீனாவின் பக்கம் திரும்பிவிட்டதாக 2022 ஜனவரியில் அறிவித்தவர் பாகிஸ்தான் பிரதமரல்லர், இராணுவத்தின் செய்தித் தொடர்பாளர். தன் படையைக் குடிமை அரசின்கீழ்க் கொணர்ந்துவிட்டதாகப் பெருமைகொள்ளும் ஒரு நாடு, குடிமை அரசுக்கு அடங்காத படையொன்றுடன் பேரம் பேசியதில் யாருக்கும் சங்கடம் எழவில்லை.

2018 டிசம்பரில், சகார்யாவிலுள்ள அரசு டாங்கித் தொழிற்சாலையின் இயக்க உரிமையை 25 ஆண்டுகளுக்கு பிஎம்சி நிறுவனத்திடம் அளிக்க வழிசெய்யும் ஆணை வந்தது. அந்நிறுவனத்தில் ஏறத்தாழப் பாதி கத்தாருடையது. தொழிற்சங்கமும் எதிர்க்கட்சிகளும் கூவிப் பார்த்தன. குடியரசுத் தலைவரின் கையெழுத்தோடு காரியம் முடிந்தது. இதற்கு எதிராக நாம் நினைவுகூர்வது 2003 மார்ச் 1. ஈராக் போருக்கு அமெரிக்கப் படையைத் துருக்கி வழியே விடலாமா என்று நாடாளுமன்றம் வாக்கெடுத்தது. ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. தேவையான பெரும்பான்மை கிட்டாததால் தீர்மானம் வீழ்ந்தது. ஆளுங்கட்சி உறுப்பினர்களும் எதிர்த்திருந்தனர். ஆயுத ஏற்றுமதிக்கு அத்தகைய வாக்கெடுப்பு கிடையாது. அனுமதி தருவது பாதுகாப்பு அமைச்சகம். 2018இல் அவ்வமைச்சகத்துக்கு வந்த ஹுலுசி அகாரும், 2023இல் அவருக்குப்பின் வந்த யாஷார் குலெரும் தலைமைத் தளபதி நாற்காலியிலிருந்து நேரே அங்கு வந்து அமர்ந்தவர்கள்.