அடி நெஞ்சுலதான்... பார்வை ஏன் மங்குது? விபத்துக்குப் பின் கவனிக்க வேண்டிய கண் பாதிப்பு

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் இருந்து போடிமெட்டு ஏறும் மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் தொழிலாளர்களின் ஜீப்புகள் இந்த வழியாகத்தான் கேரள எல்லையைத் தாண்டுகின்றன. இங்கே ஜீப் கவிழ்ந்தாலோ, மிளகு பறிக்கவும் கிளை கழிக்கவும் ஏறியவர் மரத்தில் இருந்து விழுந்தாலோ, முதலில் பார்ப்பது தலை, நெஞ்சு, கை, கால் காயங்களைத்தான். ஆனால் கண்ணில் சிறு கீறல்கூட இல்லாமலே பார்வை மங்கலாம். அரிதாக வரும் இந்தப் பாதிப்பின் பெயர் 'புர்ட்ஷர் ரெட்டினோபதி'.

யார் இந்த புர்ட்ஷர்?

ஆஸ்திரிய கண் மருத்துவர் ஒட்மர் புர்ட்ஷர். மரத்தில் இருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவருக்குப் பார்வை குறைந்ததையும், அவரது இரு கண்களின் விழித்திரையிலும் வெள்ளைத் திட்டுகளும் ரத்தக் கசிவும் இருந்ததையும் 1910-ல் பதிவு செய்தவர்.

எப்படி நடக்குது?

நெஞ்சு பலமாக நசுங்கினாலோ, தலையில் அடிபட்டாலோ, தொடை எலும்பு போன்ற நீளமான எலும்பு முறிந்தாலோ இது வரலாம். எலும்பு முறியும்போது மஜ்ஜையில் உள்ள கொழுப்பு ரத்தத்தில் கலக்கும். வெள்ளை அணுக்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இவை விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைப்பதே காரணம் என்று கருதப்படுகிறது. விபத்தே இல்லாமல், கணைய அழற்சியிலும் இதே மாதிரி பாதிப்பு வருவதுண்டு.

அறிகுறிகள் என்ன?

* அடிபட்ட சில மணி நேரத்தில் இருந்து 2 நாட்களுக்குள் பார்வை மங்கும்
* கண்ணில் வலி இருக்காது
* பெரும்பாலும் இரண்டு கண்களிலும் வரும்
* பார்ப்பதன் நடுப்பகுதி மறைவது போலத் தெரியும்

சிகிச்சை உண்டா?

கண்மணியை விரிய வைக்கும் சொட்டு மருந்து போட்டு விழித்திரையைப் பார்த்தால் திட்டுகள் தெரிந்துவிடும். சிலருக்கு ஸ்டீராய்டு தரப்படுகிறது. ஆனால் அதன் பலன் உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. திட்டுகள் 1 முதல் 3 மாதங்களில் மறையும். பலருக்குப் பார்வை ஓரளவு திரும்பும், சிலருக்கு நிரந்தரக் குறையாகவே நின்றுவிடும்.

அப்போ எதுக்கு அவசரம்?

அடிபட்டவருக்குப் பார்வை மங்க வேறு காரணங்களும் உண்டு. விழித்திரை விலகலாம், மூளையில் ரத்தம் கசியலாம். இவற்றுக்கு உடனடி சிகிச்சை வேண்டும். எது என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். 'அடிபட்ட அசதி, தானா சரியாகிடும்' என்று காத்திருக்கக் கூடாது.

வீட்டார் என்ன செய்யணும்?

அடிபட்டவர் பேசும் நிலையில் இருந்தால், ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடச் சொல்லி எதிரில் இருப்பவர் முகம் தெளிவாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். மங்கலாக இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம். இந்தக் கண் பாதிப்பு தலைகாட்டுவதும் பெரும்பாலும் அதே 48 மணி நேரத்துக்குள்தான்.