சக்கரமும் அணாவும்

குமுளிக்கு இருப்புப்பாதை இல்லை. ஆகவே இருப்புப்பாதை ஊழியனாகிய யான் பணி நிமித்தம் வேறூரில் தங்கி, ஓய்வு நாட்களில் மட்டும் மலையேறி நம் காலனிக்கு வந்து செல்பவன். பயணச்சீட்டு வழங்கும் சாளரத்தின் பின்னே அமர்ந்து இருபதாண்டுகளாகச் சில்லறை எண்ணியவன் என்பதைத் தவிர, நாணயங்களைப் பற்றி எழுத எனக்கு வேறு தகுதி கிடையாது. படிப்பும் பத்தாம் வகுப்போடு நின்றது. பிழை காணின் கற்றோர் பொறுத்தருள்க.

இப்பொழுதெல்லாம் அச்சாளரத்தில் சில்லறையின் ஓசை குறைந்துவிட்டது. கைப்பேசியைக் காட்டிக் கட்டணம் செலுத்துவோரே மிகுதி. சென்ற கோடை விடுமுறையில், எட்டு வயது நிரம்பிய என் இளைய மகள், தன் பாட்டி ஏதோ பேச்சில் "நாலணாப் பெறாத சேதி" என்று சொல்லக் கேட்டு, "நாலணா என்றால் என்ன அப்பா?" என்று வினவினாள். இருபத்தைந்து காசு என்றேன். "அது எங்கே இருக்கிறது?" என்றாள். 2011 ஜூன் 30-ஆம் நாளோடு இருபத்தைந்து காசும் அதற்குக் கீழ்ப்பட்டனவும் செல்லாதனவாயின. அவள் பிறக்கு முன்னரே மறைந்த பொருளை எவ்வாறு காட்டுவது? அலமாரியின் மேல்தட்டிலிருந்து என் அப்பத்தாவின் சுருக்குப்பையை எடுத்து அவள் முன் கவிழ்த்தேன். எங்கள் வீட்டில் நாணயம் சேர்க்கும் பழக்கம் அன்று தொடங்கிற்று.

அப்பைக்குள் இருந்தவற்றைக் கண்டபொழுது, இம்மலைக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வரலாறு எந்த ஏட்டிலும் இல்லாவிடினும் இத்தகைய பைகளில் இருக்கிறது என்று தோன்றிற்று. அதனை ஈண்டுச் சற்றே விரித்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் வெளிப்பட்டது ஓட்டைக் காலணா. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செம்பு அரிதாயிற்று. 1943-இல் நடுவே துளையிட்ட காலணாவை அரசினர் வெளியிட்டனர். எங்கள் வீட்டில் அது குழந்தையின் அரைஞாணில் கோத்துக் கட்டப்பட்டது. என் தந்தையார் இடுப்பில் கிடந்தது அதுவே. அடுத்து வந்தன சங்கு முத்திரை பொறித்த செப்புக் காசுகள் சில. இவை அணாவும் அல்ல, பைசாவும் அல்ல. இவையே திருவிதாங்கூரின் சக்கரமும் காசும்.

நம் குழந்தைகள் இன்று குமுளியையும் கூடலூரையும் ஒரே ரூபாயால் கடக்கின்றனர். எண்பது ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. மலையின் கீழே கூடலூரும் கம்பமும் சென்னை மாகாணம். அங்கே வழங்கியது ரூபாய், அணா, பைசா. பன்னிரண்டு தம்பிடி ஓர் அணா. பதினாறு அணா ஒரு ரூபாய். மலையேறிக் குமுளியை அடைந்தால் திருவிதாங்கூர் அரசு. அங்கே பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு சர்க்கார் ரூபாய். அதாவது 28 சக்கரம். ஆயின் பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கோ மதிப்பு 28½ சக்கரம்! அந்த அரைச் சக்கரம்தான் எளியோரைப் படாதபாடு படுத்தியது.

கணக்கிட்டுப் பார்ப்போம். கம்பத்திலிருந்து வந்தவர் நாலணாவை நீட்டினால் ஏழு சக்கரமும் இரண்டு காசும் கிடைக்கவேண்டும். எட்டணாவுக்குப் பதினான்கு சக்கரமும் நான்கு காசும். இவை எளிது. ஓர் அணாவுக்கு? இருபத்தெட்டரைக் காசு. அந்த அரைக்காசைக் கொடுப்பாரும் இல்லை, கேட்பாரும் இல்லை. அது மாற்றுபவர் பையிலேயே நின்றுவிடும் என்பது அப்பத்தாவின் வாக்கு. எழுதப் படிக்க அறியாத அவர் இரண்டு நாட்டுக் கணக்கையும் விரல் மடக்கிச் சொல்லுவார். ஏலக்காய்த் தோட்டத்தில் பெற்ற கூலியைச் சக்கரத்தில் எண்ணி வாங்கி, ஊருக்கு அனுப்புகையில் அணாவாக மாற்றி, இடையிலே எவ்வளவு தேய்ந்தது என்பதையும் மறவாதிருந்தவர் அவர். என் மகள் இக்கணக்கைத் தாளில் போட்டு முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

அவளுக்கு மற்றொரு கணக்கும் கொடுத்தேன். பெரியாற்று அணைக்காக 1886-இல் ஏற்பட்ட குத்தகையில் எண்ணாயிரம் ஏக்கருக்கு, ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம், ஆண்டுக்கு நாற்பதாயிரம் ரூபாய் என்று வரையறுத்தனர். அது எத்தனை சக்கரம்? விடை பதினொரு இலட்சத்து நாற்பதாயிரம். "இதை யார் எண்ணியிருப்பார்கள்?" என்று கேட்டாள். அதற்கும் ஒரு விடை உண்டு. பழைய வெள்ளிச் சக்கரம் மிகவும் சிறியது. நம் கைவிரல் நகத்தின் பாதியளவும் இராது. விரலால் எண்ணினால் பொழுது போய்விடும். ஆகவே சிறு குழிகள் வரிசையாகக் குடைந்த மரப்பலகை ஒன்றைப் பயன்படுத்தினர். காசுகளைக் கொட்டிப் பலகையைக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாகப் படியும். மிகுந்தவற்றைக் கையால் வழித்துவிட்டால் எண்ணிக்கை முடிந்தது. இயந்திரம் வருவதற்கு முன்னரே நம்மவர் கண்ட எண்ணும் கருவி இது.

பிற்காலத்துச் செப்பு நாணயங்களில் சங்கோடு அரசரின் பெயரெழுத்துகள் ஆங்கிலத்தில் பின்னிக் கிடக்கும். ‘ஆர்’, ‘வி’ என்னும் ஈரெழுத்துகள் இருப்பின் 1885 முதல் 1924 வரை ஆண்ட மூலந்திருநாள் இராமவர்மர். முன்னே ‘பி’ என்னும் எழுத்தும் சேர்ந்திருப்பின் கடைசி அரசரான சித்திரைத் திருநாள் பாலராமவர்மர். வெள்ளி நாணயங்களில் கொல்லம் ஆண்டு பொறித்திருக்கும். 1116 என்று கண்டு மருள வேண்டா, அது கி.பி. 1940-41. காசு என்னும் நம் சொல்லே ஐரோப்பியர் வாயில் ‘கேஷ்’ ஆகி, அதே நாணயத்தின்மேல் ஆங்கில எழுத்தில் ஏறி அமர்ந்திருப்பதையும் காணலாம்.

இவ்வாறு தனி நாணயம் வைத்திருந்தது திருவிதாங்கூர் மட்டுமன்று. கொச்சியில் புத்தன் வழங்கியது. நம் தமிழகத்திலேயே புதுக்கோட்டைச் சமஸ்தானம் அம்மன் காசு அடித்தது. 1949 ஜூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. சக்கரத்தின் வழக்கும் மறைந்தது. 1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய் நூறு நயா பைசாவாகப் பகுக்கப்பட்டதும் அணாவும் அதன் பின்னே சென்றது. ஒரே தலைமுறைக்குள் மூன்று கணக்கு! சக்கரத்தைக் கையில் எண்ணியவர்கள் இன்று எண்பத்தைந்தைக் கடந்த முதியோர். நம் காலனியில் அத்தகையோர் மிகச் சிலரே உளர்.

இங்கே என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயதில், அப்பையிலிருந்த செப்புக் காசுகளைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பளபளக்கச் செய்தேன். காசு மின்னியது, எழுத்துத் தேய்ந்தது. அப்பத்தா திட்டவில்லை. "போகட்டும், அதுவும் குளித்துக்கொண்டது" என்றார். அவர் 1998-இல் காலமான பின், வெள்ளிச் சக்கரங்களில் ஒரு கைப்பிடியை எங்கள் வீட்டாரே உருக்கக் கொடுத்துக் குழந்தைக்குக் கொலுசு செய்தனர். அக்கொலுசும் இன்று இல்லை. அவர் உயிரோடு இருந்த பதினெட்டு ஆண்டுகளில் அக்காசுகளைப் பற்றி யான் கேட்ட கேள்விகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

ஆகவே பெற்றோர்க்கு யான் கூறுவது இது. குழந்தைக்கு நாணயம் வாங்கிக் கொடுத்துத் தொடங்காதீர்கள். வீட்டில் இருப்பதைக் கொண்டு தொடங்குங்கள். பழங்காசு இல்லாவிடின் இன்றைய சில்லறையே போதும். ஆண்டின் கீழே வைர வடிவக் குறி இருப்பின் அந்நாணயம் மும்பையில் அடித்தது, விண்மீன் ஐதராபாத்து, சிறு புள்ளி நொய்டா, குறி யாதும் இல்லையேல் கல்கத்தா. மளிகைக் கடையிலிருந்து வரும் மீதிச் சில்லறையில் இந்நான்கையும் தேடச் சொன்னால் ஒரு மாதம் விளையாட்டு ஓடும். தவழும் பிள்ளை வீட்டிலிருப்பின் காசுகளைக் கைக்கெட்டாத உயரத்தில் வைக்கவேண்டும். வாயிலிட்டு விழுங்கிய செய்தி புதிதன்று. விளிம்பைப் பற்றி எடுக்கக் கற்பியுங்கள். துலக்க வேண்டா. குமுளியின் மழையும் மூடுபனியும் செம்புக்குப் பகை. தனித்தனிக் காகித உறையில் இட்டு, ஈரம் புகாத டப்பாவில் வையுங்கள்.

உறையைவிடக் குறிப்பேடு இன்றியமையாதது. எந்தக் காசு, எந்த ஆண்டு, யார் தந்தது, அவர் அதைக் கொண்டு என்ன வாங்கினார் என்று குழந்தையே கேட்டு எழுதட்டும். கடைசிக் கேள்விக்குத்தான் முதியோர் மலர்ந்து விடை சொல்லுகின்றனர்.

இவ்வாறு தொடங்கிய பிள்ளை தானே தொலைவுக்குச் செல்லும். மிளகுக்காக உரோமர் இம்மேற்குக் கடற்கரைக்குப் பொன்னோடு வந்ததை அதற்குக் கதையாகச் சொல்லவேண்டியதில்லை. பறவூருக்கு அருகே வள்ளுவள்ளியில் 1983-இல் உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. 1898-இல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் 501 பொற்காசுகள் அகப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளிவெட்டு இருந்தது. நாணயமாக இனி வழங்காது, பொன்னாக மட்டுமே கொள்க என்பதற்கு இட்ட வெட்டு என்பர். செல்லாக் காசு அன்றும் உண்டு! நம் வேந்தரும் வாளா இருந்தாரல்லர். ‘பெருவழுதி’ என்று தமிழி எழுத்தில் பொறித்த பாண்டியர் செப்புக்காசையும், ‘மாக்கோதை’ என்னும் பெயரோடு தலையுருவம் பொறித்த சேரர் வெள்ளிக்காசையும் அறிஞர் கண்டுள்ளனர். ‘தினமலர்’ ஆசிரியராயிருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி இத்துறையில் ஆற்றிய பணி பெரிது. திருவனந்தபுரம் செல்வோர் நெடுமங்காட்டுக் கோயிக்கல் அரண்மனையிலுள்ள நாணயக் காட்சிச்சாலைக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்க.

ஓரிரு எச்சரிக்கைகள். பழைய காசுக்கு இலட்சக்கணக்கில் விலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் வஞ்சகர் பெருகியுள்ளனர். இத்தகைய பேச்சுக்கு இரையாகவேண்டா என்று ரிசர்வ் வங்கியே 2021-இல் அறிவித்தது. தோட்ட மண்ணில் புதையலாக ஏதேனும் அகப்படின் அது நமதன்று. முறைப்படி அரசுக்கு அறிவித்தல் வேண்டும்.

அப்பத்தாவின் பையில் ஒரு காசு மட்டும் மஞ்சள் துணியில் தனியே முடியப்பட்டிருந்தது. சக்கரம்தான். நேர்ந்துகொண்ட காணிக்கை என்பது பார்த்தவுடன் விளங்கிற்று. எந்தத் தெய்வத்துக்கு, எதன் பொருட்டு என்பது எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. மகள் குறிப்பேட்டில் அவ்விடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். பின்னர், காலனியின் கீழ்வரிசையிலுள்ள ஒரு பாட்டியிடம் தானே கொண்டுபோய்க் காட்டினாள். அவர் நெடுநேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, கம்பத்துப் பக்கத்தார் வீரபாண்டி மாரியம்மனுக்குத்தான் முடிந்துவைப்பர் என்றும், இறங்கிப்போக உன் பூட்டிக்கு வாய்க்கவில்லை போலும் என்றும், அதற்குள் காசே செல்லாமற் போயிற்று என்றும் சொன்னாராம். மகள் அதனை ‘போலும்’ என்னும் சொல்லோடு அப்படியே எழுதிவைத்திருக்கிறாள்.

வரும் சித்திரைத் திருவிழாவுக்கு வீரபாண்டிக்குச் செல்வதாக இருக்கிறோம். காசை உண்டியலில் இட்டுவிடவேண்டும் என்கிறார் என் தாயார். குறிப்பேட்டோடு இருக்கட்டும் என்கிறாள் மகள். வழக்கு இன்னும் தீரவில்லை.