காற்றில்லாக் கடலில் எழும் அலை: குமரிக் கரையின் கள்ளக்கடல்

காற்றால் எழும் அலையின் வளர்ச்சி மூன்றைப் பொறுத்தது: காற்றின் வேகம், அது விடாது வீசும் நேரம், தடையின்றி அது தழுவிச் செல்லும் நீர்ப்பரப்பின் நீளம். அஞ்செட்டி மலைப்பகுதியின் ஏரிகளில் ஆடிக்காற்று எவ்வளவு பலமாக அடித்தாலும் சிற்றலைக்கு மேல் எழாததற்கு மூன்றாவதன் குறைவே காரணம். அலை வளர்வதற்குள் எதிர்க்கரை வந்துவிடுகிறது, காற்று நின்றால் நீரும் அடங்கிவிடுகிறது. காற்றைப் பார்த்து நீரை மதிப்பிடும் இந்த ஏரிப் பழக்கம் கன்னியாகுமரிக் கரையில் உயிருக்கே ஆபத்தானது என்பதும், அங்கு விடுக்கப்படும் எச்சரிக்கைகள் அலையின் உயரத்தோடு அதன் கால இடைவெளியையும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கள்ளக்கடல் என்பது கேரள மீனவர் வழக்கிலிருந்து வந்த சொல். உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாத நாளில் திருடனைப் போலக் கடல் கரையேறுவதைக் குறிக்கும் இச்சொல்லை 2012இல் யுனெஸ்கோ அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றது. மீனவர் இட்ட பெயரிலேயே நிகழ்வின் இயற்பியல் அடங்கியிருக்கிறது. ஏனெனில் இந்த அலையை எழுப்பிய காற்று இந்தக் கடலில் வீசியதே அன்று. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், பல நூறு கிலோமீட்டர் பரப்பில் நாள்கணக்கில் வீசும் புயற்காற்று நெடிய அலைகளைப் பிறப்பிக்கிறது. அடுத்தடுத்த இரு முகடுகள் ஓரிடத்தைக் கடக்கும் இடைவெளியை அலைக்காலம் என்பர். அது 20 நொடியானால், ஆழ்கடலில் முகட்டுக்கு முகடு தூரம் ஏறத்தாழ 620 மீட்டர். அலைக்கூட்டம் சுமந்து வரும் ஆற்றல் மணிக்குச் சுமார் 56 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. தெற்கு அட்சரேகை 45 பாகையில் எழுந்த அலை குமரியை அடைய நான்கரை நாள் ஆகும். அதற்குள் அந்தப் புயலே ஓய்ந்திருக்கக்கூடும்.

அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குள் வந்ததும் அலை தரையை உணர்கிறது. 8 நொடி அலை 50 மீட்டர் ஆழத்தில் உணர்வதை 20 நொடி அலை 300 மீட்டர் ஆழத்திலேயே உணர்ந்துவிடும். ஆழம் குறையக் குறைய வேகம் தளர்ந்து, பின்வரும் ஆற்றல் நெருங்கிக் குவிய, உயரம் கூடுகிறது. கரையில் நிற்பவருக்கு இது தெரியாது. ஒரு முகடு விழுந்தபின் மெல்ல இருபது எண்ணும் வரை அடுத்தது வருவதில்லை. ஈரமணல் அகன்று விரிய, கடல் அடங்கிவிட்டது போலத் தோன்றும் அந்த இடைவெளியில்தான் கால் நனைப்பவர்கள் மேலும் இறங்குகிறார்கள்.

2024 மே 6 அன்று இதே குமரிக் கரையின் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தனர். இத்தகைய அலைகளின் வருகையை நாள்கள் முன்பே கணிக்கும் ஆற்றல் ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸிடம் உண்டு. எனவே குறை அறிவியலில் இல்லை, அது பொதுமக்களின் காதில் விழும் விதத்தில் இருக்கிறது. ஒன்றரை மீட்டர் அலை என்று கேட்பவர் தம் மார்பளவு நீரைத்தான் கற்பனை செய்வார். ஆனால் சரிவான கரையில் நீர் ஏறும் உயரம், அலையுயரத்தையும் அலைநீளத்தையும் பெருக்கியதன் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்வதால், அதே ஒன்றரை மீட்டர் அலை 8 நொடிக்குப் பதில் 20 நொடிக்கு ஒருமுறை வருமானால் ஏறத்தாழ இரண்டரை மடங்கு மேலே ஏறும்.