கணினிக்குள் களிமண் வந்த கதை

1972-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த எட் கேட்மல், தன் இடது கையை அச்செடுத்து பிளாஸ்டரில் ஒரு வெள்ளைக் கையை வார்த்தார். அதன் மேல் பேனாவால் கோடு போட்டார். விரல் மடிப்பு, நகம், உள்ளங்கை என்று எங்கும் முக்கோணங்களும் பலகோணங்களும், மொத்தம் சுமார் 350. பிறகு ஒவ்வொரு முனையும் எந்த இடத்தில் இருக்கிறது என்று அளந்து, எண்ணாக மாற்றி, கணினிக்குத் தட்டச்சு செய்து கொடுத்தார். திரையில் ஒரு கை விரிந்தது, மடங்கியது. பின்னாளில் பிக்ஸார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் இவர். அந்தக் கை 1976-இல் வந்த 'ஃபியூச்சர்வேர்ல்டு' என்ற ஹாலிவுட் படத்திலும் தலைகாட்டியது.

டிஜிட்டல் சிற்பக்கலை கற்கத் தொடங்கும் எவரும் இந்தக் கையிலிருந்து தொடங்குவது நல்லது என்பேன். அங்கே சிற்பம் கணினிக்கு வெளியே பிறந்தது. எண்களாக மாறி உள்ளே போனது. அடுத்த கால் நூற்றாண்டுக்குப் பெரும்பாலும் இதே வழக்கம்தான். 1995-இல் 'டாய் ஸ்டோரி' வந்தபோதும் சில பாத்திரங்களின் தலையைக் களிமண்ணில் செய்து, அதன் மேற்பரப்பைப் புள்ளி புள்ளியாக அளந்துதான் கணினிக்கு ஏற்றினார்கள். காரணம் எளிது. சிற்பி கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் கன்னம் குழிந்துவிடும். அதே குழியைக் கணினியில் கொண்டுவர, அந்த இடத்திலுள்ள புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து நகர்த்த வேண்டும். ஒரு முகத்துக்கு ஆயிரக்கணக்கான புள்ளிகள். அப்படி உட்கார்ந்து வேலை செய்பவருக்கு முகம் மறந்து புள்ளிதான் கண்ணில் நிற்கும்.

இதற்கு ஒரு வழியும் அதே கேட்மல் கையிலிருந்தே வந்தது. 1978-இல் அவரும் ஜிம் கிளார்க்கும் சேர்ந்து ஒரு கணக்கை வெளியிட்டார்கள். கரடுமுரடான ஓர் உருவத்தின் ஒவ்வொரு நாற்கர முகத்தையும் நான்காகப் பிரித்து, புள்ளிகளைச் சற்று உள்ளிழுத்தால் உருவம் வழவழப்பாகும். மறுபடி பிரித்தால் இன்னும் வழவழப்பாகும். ஒரு பெட்டிக்கு 6 முகம். ஒருமுறை பிரித்தால் 24, அடுத்து 96, அடுத்து 384. ஒன்பதாவது முறை 15 லட்சத்தைத் தாண்டிவிடும். தோலின் சுருக்கத்தையும் துவாரத்தையும் செதுக்க அவ்வளவு முகங்கள் வேண்டும். ஆனால் அவற்றைத் தூக்கிச் சுமக்க அன்றைய கணினிகளால் முடியவில்லை. பிக்ஸாரே இந்தக் கணக்கைக் கதாபாத்திரத்துக்குப் பயன்படுத்திக் காட்டியது 1997-இல், 'கெரிஸ் கேம்' குறும்படத்தின் கிழவர் முகத்தில்தான்.

அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் ஓஃபர் அலான் என்பவர் வேறொரு திசையிலிருந்து வந்தார். அவருடைய ஆர்வம் ஓவியம். திரையில் தெரியும் ஒவ்வொரு பிக்சலும் நிறத்தை மட்டும்தானே வைத்திருக்கிறது, ஆழத்தையும் அது நினைவில் வைத்துக்கொண்டால் என்ன என்பது அவர் யோசனை. நிறம், ஆழம், எந்தப் பக்கம் பார்க்கிறது, எந்தப் பொருளால் ஆனது என்ற நான்கையும் சுமக்கும் புள்ளியை உருவாக்கி, அதற்கு 'பிக்ஸால்' என்று பெயர் வைத்தார். ஜாக் ரிமோக்குடன் சேர்ந்து அவர் தொடங்கிய பிக்ஸலாஜிக் நிறுவனம் 1999-இல் கணினி வரைகலைக்கான சிக்ராஃப் மாநாட்டில் தன் மென்பொருளை அரங்கேற்றியது. அதுதான் ஸீபிரஷ். அன்று அது ஆழம் தெரிந்த ஓவியப் பலகை. சிற்பக்கூடமாக அது முழுதாக உருமாறியது 2004-இல் வந்த இரண்டாம் பதிப்பில்.

இந்த வரலாறு வெறும் தகவலாக நின்றுவிடவில்லை. இன்று ஸீபிரஷ்ஷை முதன்முதலில் திறப்பவரின் கையிலேயே அது வந்து இடிக்கும். ஒரு பந்தைத் தேர்ந்தெடுத்துத் திரையில் இழுப்பீர்கள், பந்து வரும். அதைச் செதுக்கலாம் என்று மறுபடி இழுத்தால் இரண்டாவது பந்து வரும், பிறகு மூன்றாவது. முதல் பந்தைத் திருப்பிப் பார்க்கவும் முடியாது, அது பலகையில் வரைந்த படமாகக் காய்ந்துவிட்டது. முதல் பந்தை இழுத்தவுடனே 'எடிட்' பொத்தானையோ 'டி' (T) விசையையோ அழுத்தியிருக்க வேண்டும். அழுத்தினால் சிற்பம், மறந்தால் ஓவியம். அந்த நிரலின் அடித்தளத்தில் ஓவியப் பலகை இன்னும் அப்படியே இருக்கிறது. கோப்பைச் சேமிப்பதிலும் இதே சிக்கல் உண்டு. 'டாக்குமென்ட்' பகுதியில் சேமித்தால் பலகையிலுள்ள படம்தான் சேமிப்பாகும். உருவம் வேண்டுமானால் 'டூல்' ஆகவோ முழுத் திட்டமாகவோ சேமிக்க வேண்டும். இதைத் தெரியாமல் ஓர் இரவு முழுக்கச் செய்த வேலையை இழந்து, இந்தத் துறையே வேண்டாம் என்று ஒதுங்கும் பிள்ளைகளுக்கு யாராவது முதல் நாளே இந்தக் கதையைச் சொல்லியிருக்கலாம்.

அலானின் பெரிய சாதனை, பல அடுக்குகளில் செதுக்கும் முறை. மேலே சொன்ன பிரிக்கும் கணக்கை வைத்து, ஒரே உருவத்தைச் சில நூறு முகங்களுள்ள அடுக்கிலும் பத்து லட்சத்துக்கு மேல் முகங்களுள்ள அடுக்கிலும் மாறி மாறிச் செதுக்கலாம். மேலடுக்கில் நெற்றிச் சுருக்கம் எல்லாம் போட்டு முடித்த பிறகு தாடை அகலமாகத் தோன்றினால், கீழடுக்குக்கு இறங்கித் தாடையை ஒரே இழுப்பில் குறுக்கலாம்; சுருக்கங்கள் கலையாமல் கூடவே நகரும். ஈரக் களிமண்ணில் இது நடக்காத காரியம். இதற்காகவே 2014-இல் அலானுக்கு ஆஸ்கர் அகாடமி தொழில்நுட்ப விருது வழங்கியது.

போட்டியும் வந்தது. திரைப்பட வரைகலை நிறுவனமான வேட்டா டிஜிட்டலில் வேலை பார்த்தவர்கள் நியூசிலாந்தில் தொடங்கிய ஸ்கைமேட்டர் நிறுவனத்தின் சிற்ப மென்பொருளான மட்பாக்ஸ், 2005-இல் 'கிங் காங்' படத்தில் பயன்பட்டது. 2007-இல் அதை ஆட்டோடெஸ்க் வாங்கிக்கொண்டது.

ஒரு பிரச்சினை மட்டும் தீராமல் கிடந்தது. பந்திலிருந்து ஒரு கொம்பை இழுத்தால், பந்தின் மேல் இருந்த சில முகங்களே கொம்பு முழுக்க இழுபட வேண்டும். அப்பள மாவைக் கையால் இழுப்பதைப் போல, நீள நீள அது மெலிந்துபோகும். மெலிந்த இடத்தில் எதையும் செதுக்க முடியாது. ஆகவே கொம்பும் வாலும் எங்கே வரும் என்று முன்பே திட்டமிட்டு, அதற்கேற்ற சட்டகத்தைச் செய்துகொண்டுதான் உட்கார வேண்டும். யோசித்துக்கொண்டே செய்யும் சிற்பிக்கு இது கைவிலங்கு.

விலங்கை உடைத்தவர்களில் ஒருவர், தனி ஆளாக நிரல் எழுதிய ஸ்வீடன்காரர் தாமஸ் பெட்டர்சன். அவர் எழுதிய ஸ்கல்ப்ட்ரிஸ் என்ற சின்ன மென்பொருளைத் திறந்தால் ஒரு பந்து இருக்கும். பிரஷ் படும் இடத்தில் மட்டும் முக்கோணங்கள் தாமாகப் பெருகும். கொம்பை எவ்வளவு இழுத்தாலும் அதற்கு வேண்டிய முகங்கள் வழியிலேயே பிறந்துகொண்டிருக்கும். 2010-இல் பிக்ஸலாஜிக் அவரைத் தன்னிடம் சேர்த்துக்கொண்டது; மென்பொருளை இலவசமாகவே கொடுத்தது. மறுவருடம் ஸீபிரஷ்ஷில் டைனமெஷ் வந்தது. அது உருவம் முழுவதற்கும் புதிய, சீரான தோலைப் போர்த்திவிடும்.

பிளெண்டரின் கதை இதற்கு இணையாகவே ஓடியது. டச்சுக்காரரான டான் ரோசென்டால் உருவாக்கிய அந்த மென்பொருளை, அதை நடத்திய நிறுவனம் மூடப்பட்ட பிறகு, பயனர்களும் ஆர்வலர்களும் ஏழே வாரத்தில் 1,00,000 யூரோ திரட்டி மீட்டார்கள். 2002 அக்டோபரில் அது கட்டற்ற மென்பொருளானது. கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில் 2006-இல் சேர்ந்த நிக்கோலஸ் பிஷப் அதற்குச் சிற்ப வசதியை எழுதினார். 2007 பிப்ரவரியில் 2.43 பதிப்போடு அது எல்லார் கைக்கும் வந்தது. 2019-இல் வந்த 2.81 பதிப்பில் பாப்லோ டோபரோவின் உழைப்பால் அந்தப் பகுதியே புதிதாகப் பிறந்தது போலாயிற்று. அன்று சேர்ந்த வாக்ஸல் ரீமெஷ், உருவத்தின் உட்பகுதியைச் சின்னஞ்சிறு கனசதுரங்களாகக் கணக்கிட்டு, மேலே புதுத் தோல் போர்த்துகிறது. தலைக்கு ஒரு பந்து, மூக்குக்கு ஒரு பந்து என்று ஒன்றை ஒன்றில் செருகி, இரண்டையும் ஒரே பொருளாக இணைத்து ரீமெஷ் கொடுத்தால் ஒரே களிமண் உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: கனசதுரத்தின் அளவை மிகச் சிறியதாக வைத்தால் கணினி அப்படியே உறைந்துவிடும். பெரிய அளவில் தொடங்கி மெல்லக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

இந்த ஐம்பது வருடக் கதையில் வந்த ஒவ்வொரு கருவியும் ஒரே நோக்கத்துக்காகப் பிறந்தது: செதுக்குபவர் புள்ளிகளை மறந்து உருவத்தைப் பார்க்க வேண்டும். புதிதாக வருபவர்கள் இதற்கு நேர்மாறாக நடப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். திறந்த அரை மணி நேரத்தில் முகங்களைப் பல லட்சமாகப் பெருக்கிக்கொண்டு, தோலில் துவாரம் போடும் பிரஷ்ஷைத் தேடுகிறார்கள். மண்டையோடே உருளைக்கிழங்கு மாதிரி இருக்கையில் தோலில் துவாரம் போட்டு என்ன பயன்? கீழடுக்கில் உருவம் சரியாக வரும்வரை மேலடுக்குக்குப் போகக்கூடாது. காதின் மேல் விளிம்பு புருவத்தின் மட்டத்திலும் கீழ் விளிம்பு மூக்கின் அடி மட்டத்திலும் நிற்கிறதா, கண் தலையின் பாதி உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் திருப்பினால் பின்மண்டை இருக்கிறதா? முன்பக்கத்தை மட்டும் பார்த்துச் செய்பவர்களின் தலைக்குப் பின்மண்டையே இருப்பதில்லை.

ஸீபிரஷ் இப்போது மாக்ஸான் நிறுவனத்தின் கையில் சந்தா முறையில் இருக்கிறது. சினிமாவிலும் கேமிலும் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒருநாள் அது தேவைப்படலாம். கற்றுக்கொள்ள அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. பிளெண்டரைப் பதிவிறக்குங்கள். திறந்ததும் வரும் பலகையில் 'ஸ்கல்ப்டிங்' என்பதைச் சொடுக்கினால் ஒரு பந்தோடு மேசை தயாராக இருக்கும். இடவலச் சமச்சீர் வசதியை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கண்ணைச் செய்தால் மறுகண் தானாக வரும். பிரஷ்ஷின் அளவுக்கு 'எஃப்' விசை. 'கன்ட்ரோல்' பிடித்தால் மேடு பள்ளமாகும், 'ஷிஃப்ட்' பிடித்தால் வழவழப்பாகும். மவுஸை விட பென் டேப்லெட் பலமடங்கு மேல். அழுத்தத்துக்கேற்ப பிரஷ் ஆழமாகும் சுகம் மவுஸில் கிடைக்காது. சாதாரண டேப்லெட்டே போதும். முதல் மாதம் முழுவதும் கிராப், கிளே ஸ்ட்ரிப்ஸ், ஸ்மூத் என்ற மூன்று பிரஷ்ஷையும் ரீமெஷ்ஷையும் தவிர வேறெதையும் தொடாமல் தலைகளைச் செய்துகொண்டே இருங்கள். ஒவ்வொன்றையும் அழிக்காமல் தேதி போட்டுச் சேமித்து வையுங்கள்.