காலி இடம் எவ்வளவு? – யூனிக்ஸ் நினைவகக் கணக்கின் கதை

பெங்களூர், ஐதராபாத், புனே, நொய்டா என்று கம்ப்யூட்டர் வேலைக்காகக் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில் சர்வர் பராமரிக்கிற பிள்ளை ஒருவர் இருப்பார். ராத்திரி இரண்டு மணிக்கு அவருக்குப் போன் வரும்: "மெமரி தீர்ந்து போச்சு, ஸ்வாப் வேற நிரம்புது!" பல சமயம் உண்மையில் எதுவும் தீர்ந்திருக்காது. திரையில் தெரியும் எண்ணைப் படிப்பதில்தான் கோளாறு. அந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு; காலத்துக்குக் காலம் அதன் பொருள் மாறியிருக்கிறது.

மேடையும் பரணும்

1962 டிசம்பரில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அட்லஸ் கணினி தொடங்கி வைக்கப்பட்டது. டாம் கில்பர்ன் குழுவினரின் படைப்பு. அதன் முதன்மை நினைவகத்தின் அளவு 16,384 'சொற்கள்'. ஒரு சொல் என்பது 48 பிட். துணைக்கு, அதைப்போல ஆறு மடங்கு கொள்ளும் காந்த உருளை ஒன்று. நினைவகத்தை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்தார்கள். உடனே தேவைப்படாத பக்கம் உருளைக்குப் போகும். வேண்டும்போது தானே திரும்பி வரும். அடிக்கடி புழங்கும் பாத்திரம் சமையல் மேடையில், விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் அண்டா பரணில் என்று நம் வீடுகளில் வைத்துக்கொள்கிறோமே, அதே ஏற்பாடுதான்.

இதில் ஓர் ஆபத்தும் இருந்தது. நிமிஷத்துக்கு ஒரு தடவை பரணில் ஏறி இறங்கினால் சமையல் எப்படி நடக்கும்? 1968-இல் பீட்டர் டென்னிங் இதை ஆராய்ந்து விளக்கினார். ஒரு நிரலுக்கு அந்தந்த நேரத்தில் தேவைப்படும் பக்கங்கள் நினைவகத்தில் இருந்தால் போதும். அவையே வெளியே போய்ப் போய் வந்தால், கணினி முழு நேரமும் சுமை தூக்கிக்கொண்டிருக்குமே தவிர வேலை நடக்காது. ஆக, பரணில் எவ்வளவு கிடக்கிறது என்பதைவிட, எத்தனை தடவை ஏறுகிறோம் என்பதே முக்கியம்.

பெயர் நின்றது, பொருள் மாறியது

யூனிக்ஸ் 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. 1971-இல் அது ஓடிய பி.டி.பி-11 கணினியில் இருந்த நினைவகம் 24 கிலோபைட். அதில் 16 அமைப்புக்கு, மீதி 8 பயனர் நிரல்களுக்கு. ஒரு நிரலை முழுசாக டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டுத்தான் இன்னொன்றை உள்ளே கொண்டுவர முடியும். இந்த ஆள்மாற்றத்துக்குத்தான் 'ஸ்வாப்' என்று பெயர். 1979-இன் இறுதியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாயும் ஓசால்ப் பாபாவ்லுவும் வாக்ஸ் கணினிக்கான 3பி.எஸ்.டி. யூனிக்ஸில் பக்கம் பக்கமாக மாற்றும் முறையைக் கொண்டுவந்தார்கள். முறை மாறியும் டிஸ்க்கில் ஒதுக்கும் இடத்துக்குப் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

அடுத்த திருப்பம் 1988-இல் வந்த சன்.ஓ.எஸ். 4.0. சும்மா கிடக்கும் நினைவகம் வீண்தானே? படித்த கோப்புகளை அதிலேயே வைத்திருந்தால் மறுமுறை டிஸ்க்குக்குப் போக வேண்டாம். இதனால் 'ஃப்ரீ' என்ற எண் எப்போதும் சொற்பமாகவே தெரிந்தது. 2000-இல் வந்த சோலாரிஸ் 8 அந்தக் கோப்புப் பக்கங்களையும் 'ஃப்ரீ' கணக்கில் சேர்த்தது. அதே இயந்திரம், அதே வேலை. எண் மட்டும் திடீரென்று பெருகிவிட்டது! லினக்ஸிலோ கோப்புப் பக்கங்களுக்குத் தனிக் கணக்கு. பார்க்கிறவர்கள் கூட்டிக் கழித்துக் குழம்பியதால், 2014-இல் கெர்னல் 3.14-இல் 'அவைலபிள்' என்ற மதிப்பீடு சேர்க்கப்பட்டது. ஸ்வாப்பைத் தொடாமல் புதிய நிரல்களுக்கு ஏறத்தாழ எவ்வளவு கிடைக்கும் என்பதை அது சொல்லும்.

எதைப் பார்க்க வேண்டும்?

16 ஜி.பி. லினக்ஸ் சர்வர் ஒன்று. 'ஃப்ரீ' 300 எம்.பி., 'அவைலபிள்' 9 ஜி.பி., ஸ்வாப்பில் 1 ஜி.பி. பயன்பாட்டில். பயப்பட வேண்டுமா? 'வி.எம்.ஸ்டாட் 5' என்று கொடுத்து, ஐந்து விநாடிக்கொரு வரியாக வருவதைக் கவனியுங்கள். முதல் வரி கணினி தொடங்கியது முதலான சராசரி, அதை விட்டுவிடலாம். அடுத்த வரிகளில் 'எஸ்.ஐ.', 'எஸ்.ஓ.' இரண்டும் பூஜ்யமாகவே இருந்தால், அந்த 1 ஜி.பி. என்றைக்கோ பரணுக்குப் போன அண்டா. அங்கேயே இருக்கட்டும். மாறாக, அந்த இரண்டு எண்களும் விடாமல் ஓடி, 'அவைலபிள்' அடிமட்டத்தில் இருந்தால் டென்னிங் சொன்ன நோய் வந்துவிட்டது. கவனிக்காமல் விட்டு ஸ்வாப்பும் தீர்ந்துபோனால், லினக்ஸ் தானே ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்து நிறுத்திவிடும். பெரும்பாலும் அது அதிக நினைவகம் பிடித்திருக்கும் நிரல், அதாவது நமக்கு மிகவும் வேண்டிய டேட்டாபேஸாகவே இருக்கலாம்.

சோலாரிஸில் கவனிக்க வேண்டியது 'எஸ்.ஆர்.' என்ற பத்தி. அது தொடர்ந்து உயர்ந்து நின்றால் நினைவகத்துக்குத் தட்டுப்பாடு. அங்கே '/டி.எம்.பி.'யில் போடும் கோப்புகளும் வழக்கமாக நினைவகத்தையும் ஸ்வாப்பையுமே தின்னும் என்பதையும் மறக்கக்கூடாது.

கூடுதல் மெமரி கேட்டுக் கோப்பு மேசைக்கு வந்தால், 'ஃப்ரீ' எவ்வளவு என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பணம் வீணாகும், உண்மைக் கோளாறு வேறெங்கோ இருந்தால் அது அப்படியே இருக்கும். இருப்பைக் கேட்காதீர்கள், போக்குவரத்தைக் கேளுங்கள். வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில் எடுத்த பத்து வரி வி.எம்.ஸ்டாட் போதும், முடிவெடுக்க.